வெட்டப்பட்ட சரணம்

சர்ச் திரையில் என் பாட்டின் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாம் சரணத்தைக் காணோம். பல்லவி, முதல் சரணம், அடுத்து நேராக நன்றி சொல்லும் கடைசிச் சரணம்.

மும்பை தாராவியில் எங்கள் சபைக்கு முப்பது வருடமாகப் பாட்டு எழுதுகிறேன். பகலில் விக்ரோலியில் லேத் வேலை, மற்ற நேரம் மெட்டு. இந்தப் பாட்டைக் கேட்டு வாங்கியவர் கோவண்டி எஸ்தர் அக்கா. அவருடைய ஒரே மகன் ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போய் விழுந்து செத்தான்.

"தம்பி, எல்லாப் பாட்டும் நன்றி நன்றின்னே இருக்கு. எம் புள்ளைய ஏன் எடுத்தீருன்னு கேக்க ஒரு பாட்டு இல்லியே. எழுதித் தாங்க" என்றார்.

அவனுடைய நினைவு ஆராதனைக்காக எழுதினேன். அந்தக் கேள்விதான் இரண்டாம் சரணம்.

அந்த ஆராதனை முடிந்ததும் பாஸ்டரைப் பிடித்தேன். "ஏன் ஐயா வெட்டுனீங்க?"

"அண்ணாச்சி, கடவுளக் கேள்வி கேட்டா ஜனங்க இடறிப் போவாங்க."

"பைபிள்ல, சங்கீதத்துல தாவீது ராஜா கேக்கலியா?"

"அது வேதம். நீங்க எழுதுனது வேதமா?"

என்ன பேச்சு இது! பிள்ளையைப் பறிகொடுத்தவள் சர்ச்சில் அழலாமாம், கேட்கக் கூடாதாம். கீபோர்டு வாசிப்பவர் வேறு, "அங்கிள், யூடியூப்ல போடுற வீடியோ நாலு மினிட்தான்" என்றார். அவர்களை மட்டும் திட்டி என்ன பயன்? வெட்டிய பாட்டுக்கு அதே மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினேன், வெட்கங்கெட்டவன்.

வாசலில் எஸ்தர் அக்கா நின்றார். "பாட்டு நல்லாருந்துச்சு தம்பி. நான் கேட்டது எங்க?"

மறுநாளே பாட்டை உடைத்து எழுதினேன். எங்கள் கீர்த்தனைகளில் எந்தச் சரணம் முடிந்தாலும் பல்லவிக்குத் திரும்பியாக வேண்டும். சரணத்தை வெட்டலாம், பல்லவியை வெட்டினால் பாட்டே இல்லை. இத்தனை வருடம் எழுதியவனுக்கு இந்தப் புத்தி அன்றைக்குத்தான் வந்தது. புதிதாக எழுத வருகிறவர்களே, வெட்டக் கூடாததைப் பல்லவியில் வையுங்கள். நான் வைத்தேன்:

"ஏன் எடுத்தீர் என் பிள்ளையை – நீர்
எங்கே இருந்தீர் அவ்வேளையில்?"

இதைச் சபையில் கொடுக்கவில்லை. அக்கா வீட்டு ஜெபக்கூட்டத்தில் கொடுத்தேன். வந்த பெண்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. காதால் கேட்டே பாடம் பண்ணினார்கள். பெண்கள் ஆராதனை நடத்தும் ஞாயிறன்று, திரையே பார்க்காமல் சர்ச்சில் பாடினார்கள். மூன்று சரணம், நான்கு முறை அந்தக் கேள்வி. எஸ்தர் அக்கா முன்வரிசையில் நிமிர்ந்து நின்று பாடினார்.

பாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அண்ணாச்சி, பல்லவிய மட்டும் கொஞ்சம் மாத்துங்களேன்."

"அத எஸ்தர் அக்காட்ட கேளுங்க ஐயா. கேள்வி அவங்களோடது."

இன்று வரை அவர் போய்க் கேட்கவில்லை.