நின்றால் விலை ஏறும் கால்

போன செவ்வாய்க்கிழமை மட்டாஞ்சேரி பஜாரில் சும்மா நின்றேன். அதற்கே சுக்கு விலை ஏறிவிட்டது!

பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான். மூன்றாம் கிளாஸோடு பள்ளியை விட்டவன், மூட்டை சுமந்தே சொந்தமாய் சுக்குக் கிடங்கு போட்டவன் நான். என்னைப் போன்ற ஆள் இன்னொருவர் கிடங்கு வாசலில் நின்றால், சரக்கை மொத்தமாய் வாங்கி வளைக்கப் போகிறான் என்று அர்த்தம். எங்கள் பஜாரில் யாரும் காரணமில்லாமல் நிற்பதில்லை.

என் காரணம் — கெண்டைக்கால். கொஞ்ச தூரம் நடந்தால் யாரோ பிடித்து முறுக்குகிற மாதிரி வலி. நின்றால் போய்விடும். நடந்தால் மறுபடியும்... சுமை தூக்கிய கால், தேய்ந்திருக்கும் என்று மாசக்கணக்காய் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தேன்.

அன்று நான் நின்றது காதர் இக்காவின் கிடங்கு வாசலில். மலையாளம் கலந்த தமிழோடு அவர் வெளியே ஓடிவந்தார்.

"எந்தா அண்ணாச்சி, எத்ர சாக்கு வேணும்?"

"சும்மா பாத்தேன் இக்கா."

"நீங்க சும்மா பாத்தா, எங்களுக்கு உறக்கம் போச்சு!"

வலி என்று சொல்லியிருக்கலாம். சொல்வேனா? கால் போன வியாபாரியை பஜாரில் எவன் மதிப்பான்? மறுநாளிலிருந்து அடுத்த தெருவுக்கும் காரில்தான் போனேன்.

வீட்டுக்காரி விடவில்லை. சுள்ளிக்கல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தின் மேல் விரல் வைத்தார். நகர்த்தி வைத்தார். மறுபடியும் வைத்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நாடி கிட்டலியே."

"எனக்கா? ரெண்டு மூட்டைய ஒண்ணாத் தூக்கினவன் டாக்டர் நான்!"

"தூக்கினதுக்கும் இதுக்கும் பந்தமில்ல. சிகரெட்டு எத்தனை?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். வீட்டுக்காரி முந்திக்கொண்டாள்: "கையில இல்லாத நேரத்தக் கேளுங்க டாக்டர், சட்டுனு சொல்லிடலாம்."

ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதாம். காலில் அடைத்தவனுக்கு ஹார்ட்டிலும் அடைக்கலாமாம். நெஞ்சு வலிக்குமுன் கால் சொன்னது என் அதிர்ஷ்டம் என்றார். சிகரெட் கூடாது. மாத்திரை தப்பக் கூடாது. அப்புறம் — நடக்க வேண்டும்!

"வலிச்சா நில்லுங்க. வலி போனா பின்னேயும் நடங்க. தினமும்."

"பஜார்ல நிக்க முடியாதே டாக்டர்..."

"அப்போ ஆஸ்பத்திரியில கிடக்கிறீங்களா?"

அந்த ஒரு கேள்வியில் கார் ஷெட்டுக்குப் போனது. நேற்று நடந்தேன். வலி சரியாக இக்கா வாசலிலேயே பிடித்தது. அவர் வந்தார்.

"சாக்கு வேணாம் இக்கா. கால்ல ரத்தம் ஓடல. வலி போகட்டும்னு நிக்கிறேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எந்தக் கால் அண்ணாச்சி? எனக்கு ரெண்டும்."

இதை எழுதும்போதும் விரல் சிகரெட்டைத் தேடுகிறது. எழுந்து உலாத்துகிறேன், உட்காருகிறேன். காலையில் இக்காவை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும்... வழியில் எத்தனை வாசலில் நின்றாலும் சரி, இருவரும் நடந்துதான் போகப் போகிறோம்!