பத்தொன்பது பொட்டு

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பேன். பூக்காரி முழம் போட்டுக் கொடுத்தால் என் கையால் இன்னொரு தரம் முழம் போடுவேன். ரங்கநாதன் தெருவில் புடவை எடுத்தால், காண்பித்த புடவையைத்தான் பையில் போட்டானா என்று கடை வாசலிலேயே பிரித்துப் பார்ப்பேன். பின்னால் வருகிறவர்களிடம் இடியும் திட்டும் வாங்கியிருக்கிறேன். "நீ போலீஸ்ல சேர்ந்திருக்க வேண்டியவ, தப்பி எங்காத்துக்கு வந்துட்டே" என்பார் என் கணவர். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் வெளிநாட்டுக் கார்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. என் கணவர் மயிலாப்பூரில் எலும்பு டாக்டர். பதினைந்து வருஷம் ஓட்டிய பழைய வண்டியைத் தள்ளிவிட்டு அப்படியொரு சொகுசுக் காரை வாங்கினார். வெள்ளை நிறம். கதவைச் சாத்தினால் சத்தமே வராது. எங்கள் தெருவில் அதைத் திருப்புவதற்குள் இரண்டு ஆட்டோக்காரர்களாவது வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போவார்கள். கோயில் வாசலில் பூஜை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கூடவே ஒரு டிரைவரையும் வைத்துக்கொண்டோம். ஐம்பது வயதிருக்கும். மந்தைவெளிக்காரர். அதிர்ந்து பேசமாட்டார், பிரேக்கை அழுத்தினால் மடியில் இருக்கும் பால் சொம்பு கூட அலுங்காது.

வாங்கி ஏழெட்டு மாதம் ஆனபோது ஒருநாள் காலையில் டிரைவர் சமையலறை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

"அம்மா, வண்டிக்குள்ள பெட்ரோல் வாசன வருதும்மா. ஏசி போட்டா இன்னும் ஜாஸ்தியா கீது. உங்களுக்கு வரலையா?"

எனக்கு வரவில்லை. எனக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம், மூக்கு இருப்பது மூக்குத்திக்காகத்தான். ஆனால் அதை நான் யோசிக்கவில்லை. வேறொன்றை யோசித்தேன். நாளைக்கு இவர் சட்டையில் பெட்ரோல் வாசனை அடித்தால் நான் கேட்கக் கூடாதென்று இன்றைக்கே முன்ஜாமீன் வாங்குகிறார் என்று யோசித்தேன். டிரைவர்கள் டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி விற்கிற கதைகளை அந்தக் காலத்தில் கார் வைத்திருந்த எல்லா வீட்டிலும் சொல்வார்கள். எங்கள் பாட்டு வகுப்பில் ஸ்வரத்தைவிட இந்தக் கதைகள்தான் அதிகம்.

அதே வாரத்தில் கார் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வழவழப்பான காகிதம், ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். என் கணவர் படித்துச் சொன்னார். இந்த மாடலில் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகிற ரப்பர் குழாயில் ஒரு குறை இருக்கிறதாம். சில வண்டிகளில் கசியலாமாம், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டாம். வண்டியைக் கொண்டுவந்தால் இலவசமாகப் புதுக் குழாய் போட்டுத் தருவார்களாம். சிரமத்துக்கு வருந்துகிறார்களாம்.

"ஏன்னா, இலவசமா எதுக்கு மாத்தித் தரான்?" என்றேன்.

"அவன் தப்பு, அவன் மாத்தித் தரான். வெளிநாட்டுல இதெல்லாம் சகஜம்."

"மாம்பலத்துல எவனாவது புடவையை வித்துட்டு, சாயம் போகும், திருப்பிக் கொண்டாங்கோன்னு ஆத்துக்கு லெட்டர் போடுவானா? இதுல ஏதோ இருக்கு."

"உனக்கு எதுலதான் ஒண்ணும் இல்லே?" என்று அவர் கிளினிக்குக்குப் போய்விட்டார்.

பாட்டு வகுப்பில் கேட்டேன். தி. நகரிலிருந்து வருகிற மாமி ஒருத்தியிடமும் அதே கார் இருந்தது. அவளுக்கும் கடிதம் வந்திருந்தது, வண்டியைச் சர்வீஸ் நிலையத்தில் விட்டு எடுத்தும் வந்திருந்தார்கள்.

"விடாதேடி! எங்க வண்டி போயிட்டு வந்ததும் ஹாரன் சத்தமே மாறிடுத்து. உள்ளே எல்லாம் வெளிநாட்டு ஒரிஜினல் சாமான் பார்த்துக்கோ. அதை உருவிண்டு, உள்ளூர் சாமானை மாட்டி விட்டுடறான். அதுக்குத்தான் இந்த இலவசம்."

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. அதானே பார்த்தேன்! பழைய வண்டி ஷெட்டுக்குப் போகும்போதெல்லாம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, மெக்கானிக் எதைக் கழற்றுகிறான் எதை மாட்டுகிறான் என்று பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். கழற்றின பழைய சாமானைப் பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டுதான் வருவோம். இந்தக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்திலோ கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நம்மை விடவே மாட்டார்கள். இந்தப் பக்கம் ஏசி போட்டு, காபி கொடுத்து, சோபாவில் உட்காரவைத்துவிடுவார்கள். அந்தப் பக்கம் என்ன நடக்கிறதோ யார் கண்டது?

போகாமலும் இருக்க முடியாது, தீப்பிடிக்கும் என்று எழுதியிருக்கிறானே. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வண்டியை விடுவதற்கு முதல் நாள் டிரைவரை பானெட்டைத் திறக்கச் சொன்னேன். என் பெண்ணுடைய சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துவந்து, உள்ளே கழற்றக்கூடியதாகத் தெரிந்த ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொட்டு வைத்தேன். பேட்டரி, ஹாரன், ஏர் ஃபில்டர் மூடி, வயர்கள், குழாய்கள் என்று எதையும் விடவில்லை. டிரைவர் ஒவ்வொன்றாகக் கைகாட்டிப் பெயர் சொன்னார்.

"இன்னாம்மா, வண்டிக்கு நலங்கு வெக்கிறீங்களா?" என்று சிரித்தார்.

"சிரிக்காதீங்கோ. எண்ணிக்கோங்கோ."

பத்தொன்பது. மூடுவதற்கு முன் இன்னொன்றும் சொன்னேன். "இனிமே என்னைக் கேட்காம இதைத் திறக்கப்படாது." அவரும் ஒரு சாமானை மாற்றிவிடலாம் இல்லையா? அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "சரிம்மா" என்றார்.

மறுநாள் நானே கூடப் போனேன். சாயங்காலம் வண்டியைக் கொடுத்தார்கள். கூடவே ஒரு தாள், குழாய் மாற்றப்பட்டது என்று முத்திரையும் கையெழுத்தும் போட்டிருந்தது. நான் பழைய குழாயைக் கேட்டேன். மேஜைக்குப் பின்னால் டை கட்டி உட்கார்ந்திருந்தவர், "அதைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும் மேடம்" என்றார். அற்பப் பயல்கள், பிய்ந்துபோன ரப்பர் குழாயைக்கூட விடமாட்டார்கள் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் டிரைவரை அனுப்பிவிட்டு, கணவரை பானெட்டைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து எண்ணினேன். பத்தொன்பதும் இருந்தன. இரண்டாவது தரமும் எண்ணினேன். பத்தொன்பது.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நம்மிடம் அவன் கைவரிசை பலிக்கவில்லை! பாட்டு வகுப்பில் எல்லோருக்கும் சொன்னேன். இரண்டு மாமிகள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே நெயில் பாலிஷ் வாங்கிக்கொண்டு போனார்கள்.

பத்து நாள்கூட ஆகவில்லை, டிரைவர் மறுபடியும் ஜன்னலண்டை வந்தார்.

"அம்மா, அந்த வாசன போவலம்மா."

"அதான் பைப்பை மாத்தியாச்சே?"

"மாத்திட்டாங்கன்னுதான் சொல்றாங்க. ஆனா வருதே. இன்னொரு தபா காட்டலாம்மா."

வண்டி பெட்ரோலையும் முன்னைவிட அதிகம் குடித்தது. சர்வீஸ் நிலையத்துக்குப் போன் செய்தேன். டை கட்டியவர்தான் எடுத்தார். "வண்டியில ஒண்ணும் இல்ல மேடம், எல்லாம் செக் பண்ணித்தான் குடுத்திருக்கோம்" என்றார். பிறகு குரலைத் தழைத்துக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்க, உங்க டிரைவரைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார். அந்த மனிதர் சொன்ன எதையும் நான் நம்பியதில்லை. இதை மட்டும் உடனே நம்பினேன். ஏனென்றால் இது நான் ஏற்கெனவே நினைத்துவைத்திருந்தது.

டிசம்பர் கச்சேரிக் காலம் வந்தது. மயிலாப்பூரில் ஒரு சபா வாசலில் வந்து இறங்கினேன். ஒரு நாற்காலி மெத்தையை எடுத்துக்கொள்வதற்காக டிக்கியைத் திறந்தேன். ஓரத்தில் ஒரு பழைய துணி சுருட்டி வைத்திருந்தது. எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். என் மூக்குக்கே தெரிகிற அளவுக்குப் பெட்ரோல்.

"இது என்ன?"

"வண்டிக்குக் கீழ சொட்டிக்கினு இருந்திச்சும்மா. தொடச்சேன்."

"புதுப் பைப் போட்டிருக்கு. அது எப்படிச் சொட்டும்?"

"தெரியலம்மா. பானெட்டத் தொறக்கக்கூடாதுன்னு சொல்லிட்டீங்க, நான் தொறக்கல."

சபா மதிலோரம் பத்துப் பன்னிரண்டு டிரைவர்கள் நின்றிருந்தார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்த வீடுகளின் டிரைவர்கள். பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை. "எத்தனை நாளா நடக்கறது இது? பெட்ரோல் எங்கே போறதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சேளா? சாவியைக் குடுங்கோ" என்றேன்.

அவர் சாவியை என் கையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்த சீப்பையும் கண்ணாடியையும் எதற்கோ ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். நான் உள்ளே போய் முழுக் கச்சேரியையும் கேட்டேன்.

அதற்கப்புறம் என் கணவரே வண்டியை ஓட்டினார். வாசனை போகவில்லை. "தலை வலிக்கறதும்மா" என்று என் பெண் பின் சீட்டில் படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஓட்ட டிரைவரே இல்லாதபோது பெட்ரோலை உறிஞ்சியது யார் என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. டிக்கியில் கிடந்த துணியின் வாசனை உள்ளே ஊறிவிட்டது, போகப் போகச் சரியாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாறிலிருந்து திரும்பும்போது வண்டி திக்கித் திக்கி நின்றுவிட்டது. சாலையோர மெக்கானிக் ஒருவர் வந்து பானெட்டைத் திறந்தார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னவர், பண்ணியதும் இரண்டடி பின்னால் தாவினார்.

"சார், எஞ்சின ஆஃப் பண்ணு சார்! பாப்பாவ இறக்கு மொதல்ல! பெட்ரோலு பீச்சுது!"

பெண்ணை இழுத்து இறக்கிக்கொண்டு நடைபாதைக்கு ஓடினோம். கொஞ்ச நேரம் கழித்து அவர் என்னைக் கூப்பிட்டு விரலால் காட்டினார். "இந்தப் பைப்புதாம்மா. வெடிச்சி எவ்ளோ நாள் ஆச்சோ, நல்லவேளை பத்திக்கல. ஆமா, இது மேல இன்னாமா செவப்பா பொட்டு?"

நான் வைத்த பொட்டு.

மாற்றியிருந்தால் அந்தப் பொட்டு அந்தக் குழாயோடு போயிருக்க வேண்டும். அன்றைக்கு நான் பதினெட்டுத்தான் எண்ணியிருக்க வேண்டும். பத்தொன்பதும் இருக்கிறது என்று குதித்தேனே, அதுதான் அவர்கள் எதையுமே செய்யவில்லை என்பதற்குச் சாட்சி. திருட்டைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு அது உறைக்கவே இல்லை. மூன்று மாதம் என் பெண்ணை அதற்குப் பின்னால் உட்காரவைத்து ஊர் சுற்றியிருக்கிறேன்.

மறுநாள் மெக்கானிக் கழற்றிக் கொடுத்த அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு போய் டை கட்டியவர் மேஜையில் வைத்தேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை, சோபாவில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். கடைசியில் மானேஜர் உள்ளே கூப்பிட்டு ஒப்புக்கொண்டார். புதுக் குழாய்கள் வெளிநாட்டிலிருந்து வந்து சேரவில்லையாம். இத்தனை வண்டி முடிந்தது என்று மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்ததாம், அதனால் முத்திரை மட்டும் போட்டுவிட்டார்களாம். "சாரி மேடம்." ஒருவழியாகப் புதுக் குழாய் போட்டுக் கொடுத்தார்கள். இந்தத் தடவை கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

டிரைவரைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. பெட்ரோல் திருடினவர் என்று சபா வாசலிலிருந்தே பேச்சு பரவிவிட்டதால் மயிலாப்பூரில் எந்த வீட்டிலும் அவரை வைத்துக்கொள்ளவில்லை. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார், மூட்டையும் அவரே இறக்க வேண்டும். நானும் என் கணவரும் போனபோது பனியனோடு டெம்போ படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவசரமாகச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான். பைப்பை மாத்தவே இல்லே" என்று ஆரம்பித்தேன். நான் செய்த தப்பைச் சொல்ல வந்த இடத்திலும் என் வாயில் முதலில் வந்தது கம்பெனியின் தப்புதான். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னேன். "நான் உங்களை அப்படிப் பேசியிருக்கப்படாது. என்னை மன்னிச்சுடுங்கோ. அந்த டிரைவர்கள் எல்லார்கிட்டயும் நானே போய்ச் சொல்றேன்."

"சொல்லுங்கம்மா. அது எனக்கு ஒத்தாசையா இருக்கும்."

"திரும்ப வந்துடுங்கோ."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் பேசினார்.

"வேணாம்மா. இங்க முதுகு வலிக்குது, அவ்ளோதான். உங்க வீட்ல இருந்தப்போ, டெய்லி சாயங்காலம் கெளம்பறதுக்கு மின்னாடி என் சாப்பாட்டுப் பையத் தொறந்து நானே ஒரு தபா பாத்துக்குவேன். உங்க வீட்டு சாமான் எதுனா தப்பித் தவறி அதுல வந்துகீதான்னு. முப்பது வருசமா வண்டி ஓட்றேன், வேற எங்கயும் நான் அப்டிப் பாத்ததில்ல."

அவருடைய பையை நான் ஒருநாளும் சோதித்தது கிடையாது. அந்த அளவுக்கு நான் மோசமில்லை என்று பாட்டு வகுப்பில் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன்.