பஞ்சமம் இல்லாத செவன்த்

ஆடி மழையில் தேவர்சோலைப் பக்கத்து வீடுகளில் பூஞ்சை பிடிக்காத பொருள் கிடையாது. என் மனைவி இறந்து பத்து மாதங்களுக்குப் பிறகு அவளுடைய கிட்டார்ப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே விரித்திருந்த பச்சை வெல்வெட்டின் மேல் சாம்பல் நிற மயிர் போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. துடைத்த துணியை இரண்டு முறை அலசியும் வாடை போகாததால் அதை எரித்துவிட்டேன். கம்பிகள் துருவேறிக் கிடந்தன. தொட்ட விரல்களில் பழைய ஆணியின் நெடி ஒட்டிக்கொண்டது. அது சோப்புக்கும் அசையாமல் சாப்பாட்டுத் தட்டு வரை வந்தது. இரண்டு நாள் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் தொலைபேசியில் சொல்லியிருந்தாள்: “அங்க இருந்தா மக்கிப் போயிருமுங்கப்பா. ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கறனுங்க.” அவள் சொன்னது நியாயம்தான். எனக்கு ஆறு நாட்கள் இருந்தன. கிட்டார் போவதற்குள் ஓர் ஒலியை மட்டும் இந்த வீட்டில் மீண்டும் கேட்டுவிட விரும்பினேன். மனைவி வழக்கமாக வாசிக்கும் மெட்டு முடிவதற்குச் சற்று முன்னால் ஒரு ஜி செவன்த் கார்டு, சில சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் அடுக்கு, வரும். அதுதான் நான் தேடிய ஒலி. அதன் பதிவு எதுவும் எங்களிடம் இல்லை.

செவன்த் என்பது நான்கு சுரங்கள்: ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம், நிஷாதம். இதைப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ள எனக்குக் கால் மணி நேரம் ஆனது. ஆனால் அதே நான்கையும் கிட்டாரின் கழுத்தில் பல இடங்களில், பல விதமாகப் பிடிக்கலாம். இவற்றில் எதை அவள் பிடித்தாள் என்பது எனக்குத் தெரியாது. சேர்ந்து வாழ்ந்த முப்பத்து நான்கு ஆண்டுகளில் அடுத்த அறையில் நாளிதழுடன் உட்கார்ந்து கேட்டவன் நான்; அவள் கையை ஒருநாளும் கவனிக்கவில்லை.

கைபேசியில் கிட்டார் கற்றுத்தரும் இளைஞர்கள் ஏராளம். ஒவ்வொருவரும் பற்களைக் காட்டிச் சிரித்தார்கள். ஒரு நிமிடத்தில் வந்துவிடும் என்றார்கள். அவர்களுடைய உற்சாகம் எனக்குக் குமட்டியது. அதைவிடவும் என் விரல்கள். கழுத்தில் பதித்த உலோகக் கட்டுகளில் மூன்றாவதில் ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்தினால், தோல் வெளுத்து, நனைந்த அட்டை போலக் கிடந்தது. நுனிகள் உரிந்தன. அவர்கள் காட்டிய மூன்று வகைப் பிடிகளையும் வியாழக்கிழமைக்குள் ஓரளவு ஒலிக்கச் செய்தேன். ஒன்றும் அவளுடையது இல்லை. எல்லாம் சர்க்கரை அதிகமான டீ போல நிறைந்து வழிந்தன.

நான் வேதியியல் படித்துவிட்டுத் தேயிலை ஃபேக்டரியில் ருசி பார்க்கும் வேலைக்கு வந்தவன். வரிசையாக ஐம்பது கோப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, கூடவே உருட்டிவரும் தொட்டியில் துப்ப வேண்டும். நல்லதைத் தேடுவது எங்கள் வேலை இல்லை. புகை வாடை, புளிப்பு, சப்பை என்று முதலில் குறையைக் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல கோப்பை நாவில் தங்காது. குறையுள்ளது பல வருடங்கள் தங்கும். அவளுடைய செவன்த்தும் அப்படித்தான் என் காதில் தங்கியிருந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, விருந்தினர் எதிரில் அவள் அதை வாசித்து முடித்ததும் சொன்னேன்: “செவன்த் சப்புனு இருக்குது. என்னமோ கொறையுது.” எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். “இருக்கறது போதுங்க,” என்றாள். அதன் பிறகு அவள் வாசித்து நான் கேட்கவில்லை. ஆர்வம் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை இன்வெர்ட்டர் பழுதானது. எஸ்டேட்டில் எலக்ட்ரீஷியனாக இருப்பவர் சேரம்பாடியிலிருந்து வந்தார். சிலோனிலிருந்து திரும்பிய குடும்பம். திருவிழாக்களில் ஆர்க்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிப்பவர். மனைவிக்குக் கம்பி வாங்கி வந்து கொடுப்பவரும் அவர்தான். நான் மீட்டுவதை வராந்தாவில் நின்று சற்று நேரம் கேட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“இன்வெர்ட்டர்தான் கத்துதுன்னு நெனச்சேன். ஐயாவா?”

“ஜி செவன்த்.”

“அதுக்கு ஏன் இப்புடி நாலையும் போட்டு நசுக்குறீங்க? அம்மா மூணுதான் புடிப்பாங்க.”

“மூணு சுரத்துல செவன்த் கெடையாது.”

“உங்க புத்தகத்துல கெடையாது. பஞ்சமத்த விட்டுட்டா என்ன, போலீஸ் புடிக்குமா?” என்று சிரித்தார். “அம்மாவுக்கு மோதிர விரல் மடங்காது. வாதம். அதுக்கு நாங்க ரெண்டு பேருமா ஒக்காந்து கண்டுபுடிச்ச புடிங்கய்யா அது. பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும். விரலு மடங்காததுதான் ஐயாவுக்குத் தெரியுமே.”

“தெரியும்,” என்றேன். தெரியாது.

“நீங்க சாயங்காலம் நடக்கப் போனதும் எடுத்துருவாங்க. கேட் சத்தம் கேட்டா உள்ள வெச்சுருவாங்க.”

நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து, மழையானாலும் குடையைக் கையில் கொடுத்து என்னை நடைக்கு அனுப்பியவள் அவள். என் சர்க்கரை நோய்க்காக என்று நினைத்திருந்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்தார். மேசை மேல் இருந்த பென்சிலை என் மோதிர விரலோடு சேர்த்துச் சுற்றினார். “கட்டிப்போட்டாத்தான் உங்க விரலு சும்மா கெடக்கும்,” என்றார். ஆள்காட்டி விரல் மிகத் தடித்த கம்பியில், மூன்றாவது கட்டில். நடுவிரல், ஒரு கம்பி விட்டு அடுத்ததில், அதே கட்டில். சுண்டு விரல் அதற்கும் அடுத்த கம்பியில், ஒரு கட்டு தள்ளி. இடையில் விட்ட கம்பி, ஆள்காட்டி விரலின் நுனி பட்டு ஊமையாகிவிட வேண்டும்.

அந்த மூன்றை மட்டும் மீட்டினேன். அதுதான். ஒல்லியான, வறண்ட, கொஞ்சம் தயங்கும் அந்த ஒலி. சப்பை என்று நான் துப்பிய கோப்பை. எலக்ட்ரீஷியன் தலையாட்டிவிட்டு இன்வெர்ட்டரைப் பார்க்கப் போனார். எனக்கு வாயில் உமிழ்நீர் ஊறியது. முற்றத்துக்குப் போய்த் துப்பினேன். முப்பது வருடப் பழக்கம். என் மேல் எனக்கு இருந்த அருவருப்பில் வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தபோது டேப் இன்னும் விரலில் இருந்தது.

“ஏனுங்கப்பா, விரலுக்கு என்னாச்சுங்க?” என்றவள், என் மடியில் கிட்டாரைப் பார்த்ததும், “அம்மா புடிக்கற மாதிரிங்களா?” என்றாள்.

“உனக்கும் தெரியுமா?”

“டாக்டர்கிட்ட நாந்தானுங்க கூட்டிட்டுப் போனேன். அம்மாதானுங்க, அப்பாகிட்டச் சொல்லாத, கொறை சொல்ல இன்னொண்ணு கெடச்சுரும்னாங்க.” டேப்பைத் தொட்டுப் பார்த்து, “சிரிச்சுட்டேதானுங்க சொன்னாங்க,” என்றாள்.

நான் கிட்டாரைப் பெட்டியில் வைத்தேன்.

“வேணும்னா இங்கயே இருக்கட்டுங்களா, அப்பா?”

“வேண்டாம் கண்ணு, எடுத்துட்டுப் போ. இங்க இருந்தா நான் அதச் சரிபண்ண ஆரம்பிச்சுருவேன்.”

அவள் பெட்டியை மூடப் பார்த்தாள். ஒரு கொக்கி துருப்பிடித்து மாட்ட மறுத்தது. சமையலறையிலிருந்து கயிறு கொண்டுவந்தேன். பென்சில் கட்டிய விரலோடு முடிச்சுப் போட வரவில்லை, அவள்தான் கட்டினாள்.