நாசகாரிக் கப்பலிலிருந்து வந்தவர்

எரிந்த கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும் துளை இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. தோளைக் குறுக்கிக்கொண்டால்தான் ஓர் ஆள் நுழைய முடியும். அதன் விளிம்பில் முழங்காலிட்டு உள்ளே குனிந்து குரல் கொடுத்துக்கொண்டிருப்பார் அந்த ஜப்பானியப் பெரியவர். எண்பதுகளின் நடுவில், ஈரானும் ஈராக்கும் எண்ணெய்க் கப்பல்களைக் குறிவைத்து அடித்துக்கொண்டிருந்த காலம் அது. அடிபட்டவற்றைத் துபாய்க்கு இழுத்து வருவார்கள். நான் அங்கே பழுதுபார்க்கும் தளமொன்றில் உதவிப் பொறியாளர். அவர் கப்பல்காரர்கள் அனுப்பிய மேற்பார்வையாளர்.

உள்ளே இறங்குகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைத் துளையருகே உள்ள பலகையில் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். இது அவர் கொண்டுவந்த வழக்கம். இதில் ஏன் இத்தனை கறார் என்று ஒரு மதியம் கேட்டேன். சோற்றுப் பெட்டியை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

இளம் வயதில் அவர் இரண்டாம் உலகப் போரில் ஒரு நாசகாரிக் கப்பலில் இருந்திருக்கிறார். துருப்புக் கப்பல்களுக்குக் காவலாகப் போவதும், மூழ்கியவற்றிலிருந்து தத்தளிப்பவர்களை அள்ளிக்கொண்டு ஓடுவதும் அதன் வேலை. ஒருநாள் குண்டு விழுந்து கொதிகலன் அறையில் கடல் புகுந்தது. கதவை அடைத்தால் கப்பல் பிழைக்கும் என்ற நிலை. ஆணை வந்தது, அவர் அடைத்தார். உள்ளே இறங்கியவர்கள் பெயர் வில்லையை மாட்டிப் போகும் பலகையில் இரண்டு பெயர்கள் அப்படியே தொங்கின. நான் கேட்காமலேயே, "உள்ளேயிருந்து தட்டினார்கள்" என்றார். கப்பல் பிழைத்தது. போர் முடிந்ததும் அதன் பீரங்கிகளைக் கழற்றிவிட்டு, தீவுகளில் விடப்பட்ட சிப்பாய்களை அதிலேயே ஊருக்கு ஏற்றிவந்தார்கள். எலும்பும் தோலுமாக இறங்கியவர்கள் கப்பலைத் திரும்பிப் பார்த்து வணங்கினார்களாம். அவர் மட்டும் அந்தக் கதவு இருந்த பக்கம் போகமாட்டாராம். பிறகு அதை உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள்.

இதைக் கேட்ட பிறகும் நான் செய்ததைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் வருகைப் பதிவுக்காரர் வெயிலில் அலைய மாட்டாமல், அந்தப் பலகையைப் பார்த்தே எல்லோருக்கும் டியூட்டி போட்டுவிடுவார். அதனால் வராதவனின் வில்லையையும் சேர்த்து மாட்டிவிடுவது நம் ஆட்களிடம் பழக்கமாயிற்று. அன்று காலை ராமநாதபுரத்து ஃபிட்டர் ஒருவன் என்னிடம் ஒதுங்கி வந்தான். அவனோடு அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் ஒரே ரூமில் இருந்த வெல்டரைப் பற்றிய பேச்சு.

"சார், அவனுக்கு ராத்திரியிலேருந்து காய்ச்ச. எந்திரிக்கவே முடியல. இன்னைக்கும் லீவுன்னா ஃபோர்மேன் விசாவ கேன்சல் பண்ணி ஏத்திவிட்டுருவான். டோக்கன மட்டும் மாட்டிக்கிறேன், கண்டுக்காதீங்க."

"பெரியவர் கேட்டா?"

"உள்ள பாடிக்கிட்டே வெல்டிங் அடிக்கிறான்னு சொல்லுங்க."

"பாடுற மூஞ்சியாடா அது?"

இருவரும் சிரித்தோம்.

பகலில், வெட்டும்போது தெறித்த பொறி தொட்டியின் அடியில் கிடந்த எண்ணெய்ச் சேற்றில் பிடித்தது. துளையிலிருந்து கரும்புகை பீறிட்டது. இருமிக்கொண்டே ஒவ்வொருவராக ஏறிவந்து வில்லையை எடுத்தார்கள். ஒன்று மிஞ்சியது. பெரியவர் அதைப் பார்த்தார். ஃபிட்டர் என்னைப் பார்த்தான். நான் ஃபோர்மேனைப் பார்த்தேன். அவர் என் பக்கத்திலேயே நின்றார். தீயணைப்புக் குழு வந்துசேர நேரமாகும், அதற்குள் பெரியவரைத் தனியே அழைத்துச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

பெரியவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. சுவாசக் கருவியை முதுகில் மாட்டி, முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு துளைக்குள் காலை வைத்தார். "சார், உள்ளே யாரும் இல்லை" என்று அப்போதுதான் கத்தினேன். அபாயச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. அவர் தலை உள்ளே போய்விட்டது. நான் பின்னால் இறங்க முயன்றபோது புகை முகத்தில் அறைந்து தள்ளியது.

குழுவினர் அவரைத் தூக்கி வந்தபோது சிலிண்டரில் காற்று தீர்ந்திருந்தது. இல்லாத ஒருவனைத் தேடி, தொட்டியின் கடைசி மூலைவரை போயிருந்தார். தரையில் கிடத்தியதும் என் சட்டையைப் பற்றி, "வந்துவிட்டானா?" என்றார்.

"வந்துட்டான் சார். பின்பக்கத் துளை வழியா ஏறிட்டான்" என்றேன்.

ஃபோர்மேனிடமும் அதையே சொன்னேன். மருத்துவமனையில் பெரியவர் அவனைப் பார்க்க வேண்டும் என்றார். காய்ச்சல் விட்டதும் வெல்டரை அழைத்துப் போனேன். பெரியவர் ஆக்சிஜன் குழாயோடு எழுந்து உட்கார்ந்து, அவன் இரு கைகளையும் பிடித்து, நெற்றி அதில் படும்படி குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று. பிறகு படுத்துத் தூங்கிவிட்டார். கொண்டுவந்த நாளிலிருந்து இப்போதுதான் கண்ணை மூடுகிறார் என்றாள் மலையாளி நர்ஸ்.

மாடிப்படியில் வெல்டர் நின்றுவிட்டான். "என்னையப் போயி கும்பிடுறாரு சார். நான் ரூம்ல போத்திக்கிட்டுப் படுத்துக் கெடந்தவன். திரும்பப் போயி சொல்லிருவோமா?"

"வாய மூடிக்கிட்டு வா" என்றேன்.

நுரையீரல் தேறாமலேயே அவரை ஊருக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்த செய்தி வந்தது. வெல்டர் பிறகும் பல வருடம் அங்கே வேலை பார்த்தான்.

அவருடைய அன்றைய வயதை நான் எப்போதோ கடந்துவிட்டேன். நெருப்புக்குள் போகாமல் அவரை நிறுத்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு சொன்ன பொய் தயங்காமல் வந்தது. சொல்லாமல் விட்டதற்காக இன்றும் வருந்துகிறேன். அந்தப் பொய்க்காகவும் வருந்தவே முயல்கிறேன். அவர் தூங்கிய முகம் நினைவுக்கு வருகிறது, முடியவில்லை.