அம்மாவின் வோட்டு

என் அப்பாவும் மாமாவும் மைசூர் முனிசிபல் தேர்தலில் ஒரே வார்டில் எதிரெதிராக நின்றபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா வக்கீல். மாமா, அதாவது அம்மாவின் அண்ணா, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் எங்கள் கூடத்தில் காபியை ஆறவிட்டு மகாராஜாவின் சர்க்காரைப் பற்றி வாதாடுவார்கள். தேர்தலும் அந்த வாதத்தின் தொடர்ச்சிதான் என்று நான் நினைத்தேன்.

தகராறு எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில் தொடங்கியது. ஜட்கா ஓட்டுகிறவர்களும் துணி வெளுக்கிறவர்களும் அங்கே குடியிருந்தார்கள். அவர்களை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டு அங்கே பூங்கா வைக்க வேண்டும் என்றார் அப்பா. ஊரெங்கும் பூங்காக்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். பலருக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. சந்துக்கு ஒரு குழாய் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார் மாமா. அந்தப் பெண்கள் அதுவரை எங்கள் கொல்லைக் கதவுக்குத்தான் குடத்தோடு வருவார்கள். தண்ணீர் நிறைகிற வரை அம்மா அவர்களோடு கன்னடத்தில் பேசிக்கொண்டு நிற்பாள்.

எங்கள் வீடு அம்மாவுக்கு அவள் அப்பா எழுதிக் கொடுத்தது. அப்போதெல்லாம் வரி கட்டுகிறவர்களுக்குத்தான் வோட்டு. வீட்டு வரி அவள் பெயரில் போனதால் அவளுக்கும் வோட்டு இருந்தது. தெருவில் வேறு எந்தப் பெண்ணுக்கும் இல்லை. "எங்காத்துல ரெண்டு வோட்டாக்கும்" என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்.

தேர்தலன்று அம்மாவோடு நானும் ஜட்காவில் போனேன். வோட்டுச் சீட்டு கன்னடத்தில் இருந்தது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். வாசிக்கத் தெரியாதவர்கள் அதிகாரியிடம் பெயரைச் சொல்ல வேண்டும், அவர் எழுதிக்கொள்வார். புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லாத காலம் அது. அதிகாரிக்கும் அது தெரிந்திருந்தது.

"பேர் சொல்ல வேண்டாம்மா. யஜமானருக்குத்தானே? தலையை ஆட்டினால் போதும்" என்றார் கன்னடத்தில்.

அம்மா தலையை ஆட்டவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மாமாவின் பெயரை, ஊர்ப் பெயரோடு சேர்த்து, நிதானமாகச் சொன்னாள். பெஞ்சியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் குமாஸ்தா எழுந்து வெளியே போனார்.

அப்பா சுலபமாக ஜெயித்தார். கழுத்து நிறைய மாலையோடு வந்தவர், அதைக் கழற்றாமலேயே சமையலறை வாசலில் நின்றார்.

"பொறந்தாத்துப் பாசம் விடலையாக்கும்."

"பாசமில்லே" என்றாள் அம்மா.

பின்னே என்ன என்று அவர் கேட்கவில்லை. கூடத்தில் மனிதர்கள் காத்திருந்தார்கள்.

தீபாவளிக்கு மாமா வழக்கம்போல அம்மாவுக்குப் புடவை எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா பேப்பரை விட்டு முகத்தை எடுக்கவில்லை. மாமா காபியைத் தொடாமல் எழுந்துகொண்டார். அவர் தெருமுனை திரும்பும் வரை அம்மா வாசலிலேயே நின்றாள். கொஞ்ச நாளில் மாமா பெங்களூரில் மகனோடு இருக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அண்ணாவும் தங்கையும் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் காலமான செய்தி தந்தியில்தான் வந்தது.

சந்தில் இருந்தவர்களைக் காலி செய்த அன்று, பாத்திரமும் பாயும் ஏற்றிய வண்டிகளை நிறுத்திவிட்டு அந்தப் பெண்கள் கொல்லைக் கதவுக்கு வந்தார்கள். இந்த முறை கையில் குடமில்லை. அம்மா ஒவ்வொருத்தி கையையும் பிடித்துக்கொண்டாள். பூங்கா வந்தது. நானும் என் சிநேகிதிகளும் சாயங்காலமெல்லாம் அங்கே ஓடிப்பிடித்து விளையாடினோம்.

அந்த வருஷமே அப்பா வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். ரிஜிஸ்தர் ஆபீஸில் அம்மா தமிழில் குண்டு குண்டாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். திரும்பும்போது அப்பா எங்களுக்கு மைசூர்பாகு வாங்கித் தந்தார்.

அடுத்த தேர்தலிலும் அப்பா நின்றார். நான் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு வண்டியில் ஏறத் தயாராக நின்றேன். அம்மா உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"நீ வரலையாம்மா?"

"எனக்கு அங்கே என்னடி வேலை" என்றாள், தலை நிமிராமல்.

அம்மாவுக்கு இதிலெல்லாம் அக்கறையே கிடையாது என்று நினைத்துக்கொண்டு, நான் ஓடிப்போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன்.