மாடல் சார்ஜ்

சிவகாசியில் காலண்டர் அச்சடித்துக்கொண்டிருந்துவிட்டுத் துபாய்க்குப் போனவன் நான். அல் கூஸில் ஒரு ஃபிளெக்ஸ் பிரஸ்ஸில் எஸ்டிமேட் போடும் வேலை. நகைக்கடை, சேலைக்கடை, பிரியாணிக்கடை என்று யார் போர்டு கேட்டு வந்தாலும் ஃபிளெக்ஸ், மை, ஆள்கூலி, கிரேன் என்று வரிசையாக எழுதுவேன். படத்தில் சிரிக்கும் முகம் இருந்தால் கீழே ‘மாடல் சார்ஜ்’ என்று இன்னொரு வரி சேரும். பிரியாணி அண்டாவைப் பார்த்துச் சிரிப்பதற்குக்கூட அந்த ஊரில் ஒரு ரேட் உண்டு.

மகள் ஷார்ஜாவில் ஒரு தனியார் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வம்சத்தில் பஸ்ஸைப் பிடிப்பதற்குத் தவிர வேறு எதற்கும் யாரும் ஓடியதில்லை. இவளோ பேட்மின்டனில் அங்குள்ள கல்லூரிகளையெல்லாம் ஜெயித்துவிட்டு, மஸ்கட்டில் நடக்கவிருந்த வளைகுடா போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். வீட்டில் காலையில் மஸ்கட், ராத்திரியும் மஸ்கட். அதற்காகப் பரோட்டாவையே விட்டுவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் அவள் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் கராமா ஏரியா கடைக்காரர், கடை வாசலில் மாட்ட ஒரு போட்டோ கேட்டார். பதிலுக்கு இரண்டு புது ராக்கெட்டும் ஆயிரம் திர்ஹமும் தருவதாகச் சொன்னார். விஷயம் கல்லூரிக்குத் தெரிந்து, ஸ்போர்ட்ஸ் ஆபீசர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுவிட்டார். கோயம்புத்தூர்க்காரர், டை கட்டியவர், நல்ல டீ கொடுத்தார். காசு கலந்தால் விளையாட்டு அழுக்காகிவிடும் என்று அரைமணி நேரம் விளக்கினார். ஆட்டத்துக்காக ஒரு திர்ஹம் வாங்கினாலும் டீமில் இடமில்லையாம், அதுதான் ரூல். அப்படியானால் ஃபீஸில் ஏதாவது குறைப்பீர்களா என்று கேட்டேன். அது வேறு டிபார்ட்மென்ட் என்றார்.

அவள் கடைக்காரர் பணம் வேண்டாம், மஸ்கட் போதும் என்று சொல்லிவிட்டாள். திரும்பும்போது வண்டியில் அழுதாள். ஷார்ஜா டிராஃபிக்கில் நிதானமாக அழுது முடிக்க நேரம் கிடைக்கும்.

கொஞ்ச நாளில் அதே கல்லூரியிலிருந்து எங்கள் பிரஸ்ஸுக்கு ஒரு ஆர்டர் வந்தது. அட்மிஷனுக்காகப் பெரிய போர்டு. ஃபைலைத் திறந்தால் என் மகள் அந்தரத்தில் நிற்கிறாள், கையில் ராக்கெட், பின்னால் மங்கலாகச் சில முகங்கள், ‘ஜெயிப்பவர்கள் இங்கேதான் படிக்கிறார்கள்’ என்று காலடியில் எழுத்து. மார்க்கெட்டிங் மேனேஜர் போனில் வந்து, பெண் கொஞ்சம் கறுப்பாக இருக்கிறாள், சிவப்பாக்கிவிடுங்கள் என்றார். அவளிடம் சம்மதம் கேட்டீர்களா என்றேன். நம்ம காலேஜ் பிள்ளைதானே, அவளிடம் என்ன கேட்பது என்று சிரித்தார்.

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் சத்தம் போட்டால் ஆர்டர் போய்விடும். அதனால் என் வேலையை மட்டும் செய்தேன். நகைக்கடைக்குப் போடுவதைப்போலவே மாடல் சார்ஜையும் சேர்த்து எஸ்டிமேட் அனுப்பினேன். எங்கள் மலையாளி முதலாளி மாடல் யார் என்று கேட்டார். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஸ்டாம்ப் வைத்தார். கல்லூரி அக்கவுண்ட்ஸும் மறுபேச்சில்லாமல் பாஸ் பண்ணிவிட்டது.

அந்த மாடல் சார்ஜை முதலாளியிடம் வாங்கி, கவரில் போட்டு மகளிடம் கொடுத்து, கதையைச் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால் முகம் வெளிறிப்போனது.

“அப்பா, மஸ்கட் போச்சு.”

யாருக்கும் தெரியப்போவதில்லை என்றேன். எனக்குத் தெரியுமே என்றாள். மறுநாள் காலை கவரோடு ஸ்போர்ட்ஸ் ஆபீசரைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். அரிச்சந்திரனைப் பெற்றுவிட்டோமே என்று திட்டிக்கொண்டே நானும் கூடப் போனேன்.

கவரையும் இன்வாய்ஸ் காப்பியையும் மேஜைமேல் வைத்து, ஆட்டத்துக்காகப் பணம் வாங்கிவிட்டேன், கொடுத்தது நம் காலேஜ்தான், நான் டீமில் இருக்கிறேனா இல்லையா என்று கேட்டாள். மனிதர் இன்வாய்ஸை இரண்டு தடவை படித்தார். அக்கவுண்ட்ஸுக்குப் போன் போட்டார். செக் கொடுத்தாயிற்று, கதை முடிந்தது, கலாஸ் என்றார்கள். அவளை நீக்கினால் விளையாட்டை அழுக்காக்கியது கல்லூரிதான் என்று எழுதவேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

“நீயே வெச்சுக்கம்மா. மஸ்கட் போய் நல்லா ஆடிட்டு வா. மத்த பிள்ளைங்ககிட்ட மட்டும் சொல்லிடாத.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஸாருக்குத் தேங்க்ஸ் சொல்லு என்று அவளை இடித்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் டீம் முழுக்கச் சொல்லிவிட்டாள். மறுநாள் ஸ்போர்ட்ஸ் ஆபீசர் ரூம் வாசலில் தங்கள் பங்கைக் கேட்டு பேட்மின்டன் டீம் நின்றதாம், அதற்குப் பின்னால் கிரிக்கெட் டீம். கல்லூரியின் வேலை எங்கள் பிரஸ்ஸுக்கு வருவது அதோடு நின்றது. முதலாளி என்னிடம் முகம் கொடுத்துப் பேச ஒரு மாதம் ஆயிற்று. அவள் மஸ்கட் போனாள், செமிஃபைனல்வரை வந்து தோற்றாள், சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில், இவ்வளவு நாள் அடக்கிவைத்ததைக் கேட்டேவிட்டேன். பணமும் கிடைத்தது, மஸ்கட்டும் கிடைத்தது, வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

“அந்த போர்டுல எனக்குப் பின்னாடி நாலு பேர் நின்னு கை தட்டுறாங்கப்பா. அவங்களும் டீம்தான். அவங்களுக்கு நீங்க ரேட்டே போடலையே.”