உடைவதற்கென்றே ஒரு பின்

இரண்டு வருடத்துக்கு முந்திய மாசி மாதம், ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரில், எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. கலியாண வீடுகளில் நான் இல்லாத மேசைகளில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேள்வி. சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. ஆகவே நடந்ததை நானே எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். இங்கே வந்து கோப்பை கழுவி, பிறகு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்று, படித்து வந்தவர்களுக்கே வேலை பழக்கிவிட்டவன். நான்கு கார் நிற்கும் ட்ரைவ்வேயோடு வீடு வாங்கினேன். யாரிடமும் கைநீட்டியதில்லை. யாரிடமும் வழி கேட்டதும் இல்லை.

பனி தள்ளும் ஸ்னோ புளோவர் வாங்கும்போதும் அப்படித்தான். அஜக்ஸில் இருக்கும் மகன் பற்றரியில் ஓடும் சின்னதொன்றை எடுக்கச் சொன்னான். அதன் ரப்பர் தகடுகள் புதுப்பனியை நன்றாகத்தான் அள்ளும். ஆனால் வீதி துப்புரவாக்கும் வண்டி நம் வாசலை அடைத்துத் தள்ளிவிட்டுப் போகுமே, கல்லுப் போன்ற பனி, அதை அது என்ன செய்யும்? முன்னால் இருக்கும் இரும்புத் திருகு பனியை அரைத்து இழுக்க, உள்ளே இருக்கும் விசிறி தூரத்துக்கு எறியும் பெரிய பெற்றோல் மெசினைத்தான் எடுத்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், அந்தத் தெரிவு பிழையில்லை. பராமரிப்பிலும் குறை வைக்கவில்லை. பனிக்காலம் முடியும்போது மிச்சப் பெற்றோலை ஓடித் தீர்த்துவிடுவேன். வருடம் ஒருமுறை ஒயில் மாற்றுவேன், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன்.

அந்தத் திருகை அச்சோடு சேர்த்துப் பிடிப்பது சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பின். அது அந்த வருடம் ஒரே மாதத்தில் மூன்று தரம் உடைந்தது. ஒரு பனிக்கட்டி சிக்கினால் போதும், படக்கென்று முறியும். எஞ்சின் ஓடும், திருகு சும்மா நிற்கும். இவ்வளவு பெரிய மெசினுக்கு வெண்கட்டி மாதிரி முறிகிற ஒரு பின்னா? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உடைந்த மூன்றையும் பொறுக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

உதிரிப்பாகப் பகுதியில் நாற்பது வயது மதிக்கத்தக்க நம் தமிழ்ப் பெண் ஒருவர் நின்றார். துண்டுகளைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்.

"அங்கிள், உது உடையத்தான் வேணும்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டேன். "நான் இருபத்தாறு வருஷம் இரும்போட நிண்டவன் பிள்ளை. உடையிறதுக்கெண்டே ஒரு சாமான் செய்யிறவன் கள்ளன். அப்பதானே நாங்கள் திரும்பத் திரும்ப வந்து வாங்குவம்."

"இல்லை அங்கிள், உது உடையாட்டில்..." என்று அவர் தொடங்கினார். எனக்குத் தெரியும் என்று கையைக் காட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் என் சாமான் பெட்டிக்குள் நல்ல உருக்கு போல்ற் ஒன்று கிடந்தது. அளவாக வெட்டிப் பூட்டினேன். மூன்று வாரம் ஒன்றும் அசையவில்லை. கம்பனிக்காரனை வென்றுவிட்டேன் என்று கண்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். மனைவிக்கு இரண்டு தரம் சொன்னேன்.

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒன்று நன்றாக முற்றிவிட்டது. சத்திரசிகிச்சைக்கு எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த நாள் அந்த மூன்று வாரம் முடியும்போது வந்தது. காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். இரவிரவாகக் கொட்டிய பனியை ஆறு மணிக்கே இறங்கித் தள்ளத் தொடங்கினேன். ட்ரைவ்வே முழுவதும் இருபது நிமிடத்தில் வெளித்தது. கடைசியாக, வீதி வண்டி விட்டுப்போன இடுப்பளவு குவியலுக்குள் மெசினை விட்டேன். வீதியோரக் கொங்கிறீற்றில் ஒரு துண்டையும் பெயர்த்து அதற்குள் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான் அந்த வண்டிக்காரன். அந்தத் துண்டு திருகுக்குள் சிக்கியது. ஒரு சத்தம். மெசின் துள்ளி நின்றது. குனிந்து பார்த்தேன். என் போல்ற் அப்படியே இருந்தது. திருகைச் சுழற்றும் கியர் பெட்டிதான் இரண்டாகப் பிளந்து, கறுப்பு ஒயில் பனியில் ஒழுகிக்கொண்டிருந்தது.

கார் உள்ளே, குவியல் வெளியே. பனி அள்ளும் சவளை எடுத்துக் குவியலை வெட்டினேன். முந்திய வருடம்தான் இருதயக் குழாயில் ஸ்ரென்ற் வைத்தவன் நான். பத்து நிமிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது மனைவி வெளியே வந்தாள். என் கையில் இருந்த சவளை வாங்கி வெட்டத் தொடங்கினாள். கண் தெரியாமல் பாதி வெட்டு வெறும் நிலத்தில் விழுந்தது. வரச் சொன்ன மகன் நெடுஞ்சாலையில் பனிக்குள் அகப்பட்டு நின்றான். கூப்பிட்ட ரக்சி ஒரு மணித்தியாலம் கழித்து வந்தது. இருவரும் குவியலின் மேலால் தவழ்ந்து ஏறி இறங்கினோம்.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவளுடைய நேரம் போய்விட்டதாம். பனி எங்களுக்கு மட்டுமா பெய்தது என்று வாதாடினேன். "அதைத்தான் நானும் கேட்கிறேன், மற்றவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள்" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். மறு திகதி வைகாசியில்தான் கிடைத்தது.

திரும்பி வரும்போது மனைவி யன்னலைப் பார்த்தபடி கேட்டாள். "அண்டைக்கு அந்தக் கடைப் பிள்ளை, உடையாட்டில் எண்டு தொடங்கினவ எண்டனீங்கள். மிச்சம் என்ன சொன்னவ?"

"நான் கேக்கேல்லை" என்றேன்.

அவள் யன்னலில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தாள். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன்.

அடுத்த கிழமை கடைக்குப் போய், அந்த போல்ற்றை அதே பெண்ணின் முன்னால் வைத்து, அன்று சொல்ல வந்த மிச்சத்தைச் சொல்லச் சொன்னேன். நான் சொன்னேன்தானே என்று அவர் சொல்லவில்லை. "கல்லுச் சிக்கினா ரண்டில ஒண்டு உடையும் அங்கிள். பெரிசு தப்பட்டும் எண்டு சின்னதை உடைய விட்டிருக்கினம்." பிறகு, திருகு அச்சுக்குக் கிறீஸ் அடிக்கிறீர்களா என்று கேட்டார். கறள் பிடித்துத் திருகு அச்சோடு ஒட்டிவிட்டால் பின் உடைந்தாலும் திருகு விடுபடாதாம். மெசின் வாங்கிய மூன்று வருடத்தில் ஒருதரமும் நான் அடித்ததில்லை. மெசினை முழுதாகப் பார்க்கிறவன் என்று சொல்லித் திரிந்தவன் நான்.

வாசலை அடைத்துவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் வைகாசி வரைக்கும் என் மனைவி, கோப்பை நிறைகிறதா என்று தெரியாமல் விளிம்புக்குள் விரலை விட்டு, சூடு பட்டதும் நிறுத்தித்தான் எனக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். இப்போது அவள் நன்றாகப் பார்க்கிறாள். நான்தான், யாராவது ஒன்றைச் சொல்லத் தொடங்கும்போது எனக்குத் தெரியும் என்று வாய் முந்திக்கொண்டு வர, அந்தச் சிவந்த விரல்நுனியை நினைத்து அதை விழுங்கப் பழகுகிறேன், எல்லா நாளும் முடிவதில்லை.